புகழ்ந்தது போதும், விளக்குமாற்றை எடுங்கள்

ஜப்பானுக்குப் போய்த் திரும்பியவர்களே, உங்களிடம்தான் பேச வந்திருக்கிறேன். இப்போது நீங்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒரு காலத்தில் ஜப்பான் என்றால் ஊருக்கு ஒருவர் இருவர் போய் வந்திருப்பார்கள். புகைப்படக் கலை படிக்க டோக்கியோவுக்குக் கப்பலேறிய ஏ. கே. செட்டியார் போன்றவர்கள் எழுதியதைப் படித்துத்தான் மற்றவர்கள் அந்த நாட்டைத் தெரிந்துகொண்டார்கள். இன்று மென்பொருள் வேலைக்குப் போகிறவர்கள், சக்குரா பூப்பதைப் பார்க்கக் குடும்பத்தோடு போகிறவர்கள் என்று கூட்டம் பெருத்துவிட்டது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் போன வாரம்தான் ஒசாகாவிலிருந்து இறங்கியவராக இருக்கிறார்.

நீங்கள் சொல்லும் செய்திகளையும் ஆசையோடுதான் கேட்கிறோம். தெருவில் குப்பைத்தொட்டி தேடினாலும் கிடைக்காது, ஆனால் ஒரு காகிதத்துண்டு கீழே கிடக்காது என்கிறீர்கள். உண்மைதான். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் கூட்டத்தார் சாரின் விஷவாயுவைப் பரப்பிய பிறகு, பாதுகாப்புக்காகப் பொது இடங்களிலிருந்து தொட்டிகளை எடுத்தார்கள். தொட்டி போனது, குப்பை தெருவுக்கு வரவில்லை. சாப்பிட்ட வாழைப்பழத் தோலைப் பையில் போட்டு ஓட்டல் அறை வரைக்கும் சுமந்துபோனதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். ஷின்கான்சென் ரயில் டோக்கியோ நிலையத்தில் நிற்கும் சில நிமிடங்களில், ஏழே நிமிடத்தில், மொத்தப் பெட்டிகளையும் துடைத்து, இருக்கைகளைத் திருப்பிப் போட்டு, வரிசையாக நின்று தலைவணங்கிவிட்டுப் போகும் பணியாளர்களைக் கைப்பேசியில் படமெடுத்து வந்து காட்டுகிறீர்கள். அதுவும் சரி.

எல்லாம் சொல்லி முடித்தபின், பாயசம் வரும் நேரத்தில், கடைசியாக ஒரு வாக்கியம் சொல்கிறீர்கள் பாருங்கள்: "அது அவங்க ரத்தத்துலயே ஊறினதுங்க. நம்ம ஜனங்களுக்கு வரவே வராது."

அந்த வாக்கியத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். அது பொய் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னதும் உங்களுக்கு இனிச் செய்ய ஒரு வேலையும் இல்லாமல் போய்விடுகிறது என்பதற்காகச் சொல்கிறேன். ரத்தத்தில் இருந்தால் என்ன செய்ய முடியும்? இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போக வேண்டியதுதான். லட்சக்கணக்கில் செலவழித்து அவ்வளவு தூரம் போய் வந்ததன் பலன், ஒன்றும் செய்யாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்ததுதானா?

முதலில் அந்த ரத்தக் கதையைப் பார்ப்போம். ஜூலை மாதக் கடைசியில் டோக்கியோவில் இருந்தவர்கள் சுமிதா ஆற்றங்கரை வாணவேடிக்கையைப் பார்த்திருப்பீர்கள். பல நூற்றாண்டு வழக்கம் என்று வழிகாட்டி சொல்லியிருப்பார். 1962 முதல் 1977 வரை அது நடக்கவே இல்லை என்பதைச் சொன்னாரா? வாகன நெரிசல் ஒரு காரணம், ஆற்றின் நாற்றம் இன்னொரு காரணம். மூக்கைப் பிடித்துக்கொண்டு யார் வேடிக்கை பார்ப்பார்கள்? 1978-இல்தான் மறுபடி வெடி வெடித்தார்கள். கூவம் பாலத்தைக் கடக்கும்போது கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிற நமக்கு இதில் புரியாதது ஒன்றும் இல்லை. 1964 ஒலிம்பிக்குக்குத் தயாரான அந்த நகரத்தில் ஏராளமான வீடுகளுக்குப் பாதாளச் சாக்கடை இல்லை. எடுப்புக் கக்கூஸிலிருந்து லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும்.

1965 கோடையில் நடந்தது இன்னும் மோசம். டோக்கியோ விரிகுடாவில் குப்பையைக் கொட்டி உண்டாக்கிய யுமெனோஷிமா என்ற திட்டிலிருந்து ஈக்கள் படைபடையாகக் கிளம்பிக் கோத்தோ வட்டாரத்து வீடுகளுக்குள் புகுந்தன. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் சோற்றைத் திறக்க முடியவில்லை. கடைசியில் எண்ணெய் ஊற்றித் திட்டையே கொளுத்தினார்கள். கோத்தோ, உழைப்பாளிகள் வாழ்ந்த தாழ்வான கிழக்குப் பகுதி. நகரத்துக் குப்பையின் பெரும்பகுதி லாரி லாரியாக அதன் தெருக்கள் வழியேதான் போய்க் கொட்டப்பட்டது. மேற்கே சுகினாமி, வசதியானவர்களின் குடியிருப்பு. அங்கே ஓர் எரிஉலை கட்டலாம் என்று மாநகர நிர்வாகம் இடம் பார்த்தபோது, எங்கள் பக்கம் வேண்டவே வேண்டாம் என்று சுகினாமிக்காரர்கள் கொடி பிடித்தார்கள். கோத்தோக்காரர்களுக்குப் பொறுமை போயிற்று. உங்கள் குப்பையை நீங்கள் வைத்துக்கொள்ள மாட்டீர்கள், நாங்கள் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டார்கள். 1971 செப்டம்பரில் டோக்கியோ ஆளுநர் மினோபே ரியோகிச்சி மாமன்றத்தில் எழுந்து 'குப்பைப் போர்' என்றே அறிவித்தார். 1973-இல் கோத்தோ வட்டாரத் தலைவரும் உறுப்பினர்களும் சாலையில் இறங்கிச் சுகினாமியிலிருந்து வந்த குப்பை லாரிகளைத் திருப்பி அனுப்பினார்கள். பணக்காரத் தெருக்களில் குப்பை மலைபோல் குவிந்து நாறியபிறகுதான் பேச்சு நடந்தது. 1974-இல் சமரசம் ஆயிற்று. அவரவர் வட்டாரக் குப்பையை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது டோக்கியோவின் கொள்கையாக வேரூன்றியது இந்தச் சண்டையில்தான்.

ஆகவே நீங்கள் பார்த்து வியந்த சுத்தம், ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நடுத்தெருவில் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டு வந்தது. அதைச் சண்டை போட்டு வாங்கியவர்கள் குப்பை கொட்டப்பட்டவர்கள். இந்தக் கதையைத்தான் நீங்கள் சுமந்து வந்திருக்க வேண்டும். சென்னைக் குப்பைமேட்டை ஒட்டி வாழும் கொடுங்கையூர்க்காரர்களுக்கு ஜப்பான் போகாமலேயே இந்தக் கதை தெரியும். வடசென்னை பல பத்தாண்டுகளாகக் கோத்தோவாக இருக்கிறது. தென்சென்னைக் குப்பைக்குப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பெருங்குடியில் தலையைக் கொடுத்தது. கோவைக்கு வெள்ளலூர். எரிஉலை நல்லதா கெட்டதா என்பது தனி வழக்கு. தங்கள் ஊருக்கு அது வருவதை எதிர்க்கிற கொடுங்கையூர் மக்களுக்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன, அவர்களிடம் சுகினாமிக் கதையைச் சொல்லி வாயடைக்கப் பார்க்காதீர்கள். உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: என் வீட்டுக் குப்பை எந்த ஊர்க்காரர் மூக்குக்குப் போகிறது? காலையில் வண்டி வந்து எடுத்துப்போன பிறகு அது எங்கே போகிறது என்று உங்கள் அடுக்குமாடியில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். கியோட்டோவில் கோயில் கோயிலாக நடந்த கால்களுக்குக் கொடுங்கையூர் ஒன்றும் தூரமில்லை.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். நீங்கள் அதிகம் சொல்வதும் அதிகம் தவறாகச் சொல்வதும் இதைத்தான்.

ஜப்பானியப் பள்ளிகளில் பிள்ளைகளே பெருக்கித் துடைக்கிறார்கள் என்பது மெய். சாப்பாட்டுக்குப் பிறகோ பாடம் முடிந்தோ ஒரு நேரம் ஒதுக்கியிருப்பார்கள். நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து ஓரமாகத் தள்ளிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த துணியை நனைத்துப் பிழிந்து இரு கையாலும் தரையில் அழுத்திக்கொண்டு, குனிந்தபடி ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு ஓடுவார்கள். வகுப்பறை, படிக்கட்டு, நடைபாதை என்று குழுவுக்கு ஓர் இடம். பல பள்ளிகளில் கழிவறையும் உண்டு. முறை மாறி மாறி வரும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குத் துணி பிழியக் கற்றுக்கொடுப்பார்கள். மதியச் சாப்பாட்டையும் வெள்ளை அங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு பிள்ளைகளே பரிமாறுவார்கள். ஆசிரியர் அவர்களோடு உட்கார்ந்து அதையே சாப்பிடுவார். ஆனால் பள்ளிக்கு ஊழியரே கிடையாது என்று சிலர் கதை கட்டுகிறீர்கள். அது சரியில்லை. பராமரிப்பு ஊழியர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேறு வேலைகள் இருக்கின்றன. செலவை மிச்சம் பிடிக்க அல்ல, பாடமாக நினைத்துத்தான் பிள்ளைகளிடம் துணியைக் கொடுக்கிறார்கள்.

இதைப் பார்த்துவிட்டு வந்து, "நம்ம பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகளைப் பெருக்கச் சொல்லணும்" என்று மேடையில் பேசுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நம் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் பெருக்கியதே இல்லையா? பெருக்கியிருக்கிறார்கள். எந்தப் பிள்ளைகள் என்பதுதான் விஷயம். 2022-இல் ஈரோடு மாவட்டத்தில் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியில் பட்டியல் சாதிக் குழந்தைகளைக் கழிவறை கழுவ வைத்தார் என்று தலைமையாசிரியை ஒருவர் கைதானார். அந்தக் குழந்தைகள் வீட்டில் சொன்னதால், பெற்றோர் புகார் கொடுத்ததால் வெளியே வந்தது. சொல்லாமல் விட்ட குழந்தைகளை யார் கணக்கெடுத்தார்கள்? ஜப்பான் வகுப்பறையில் பார்த்த காட்சியை அப்படியே தூக்கிவந்து இங்கே நட்டால், மறுநாள் காலையில் விளக்குமாறு எந்தக் குழந்தையின் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அங்கே அது நடப்பதற்குக் காரணம், சுவரில் ஒட்டிய முறைப் பட்டியலில் ஒரு பெயரும் விடுபடாதது. வங்கி மேலாளர் மகளுக்கும் காய்கறிக் கடைக்காரர் மகனுக்கும் அதே துணி, அதே தரை. ஆகவே இங்கே பட்டியல் போடுவதென்றால் முதல் பெயர் தலைமையாசிரியருடையதாக இருக்கட்டும். அடுத்து ஆசிரியர்கள், பிறகு எல்லாப் பிள்ளைகளும், அகர வரிசையில். கையுறையும் கிருமிநாசினியும் தண்ணீரும் இல்லாமல் ஒருவரையும் கழிவறைப் பக்கம் அனுப்பாதீர்கள். பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள், பள்ளி மேலாண்மைக் குழு அதைப் பார்க்கட்டும். அப்போது ஒரு தகப்பனார் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார். "என் பையன் படிக்கத்தான் வந்திருக்கான், கக்கூஸ் கழுவ வரலை" என்பார். நிச்சயம் வருவார். அந்த நிமிஷத்தில்தான் ஜப்பானைப் பார்த்த கண் உங்களுக்கு வேண்டும். அவரிடம் போய், என் மகளும் இந்த வாரம் கழுவுகிறாள் என்று சொல்லுங்கள். சொல்வதற்கு உங்கள் மகள் அந்தப் பள்ளியில் படிக்க வேண்டும் என்பது வேறொரு சங்கடம். அதை இன்னொரு நாள் பேசலாம்.

இவ்வளவு சொன்னதால் அந்த நாட்டைக் குறையே இல்லாத நாடாக நான் வைத்துக் கும்பிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நீங்களும் கும்பிட வேண்டாம். மாடு அறுத்தவர்களையும் தோல் பதனிட்டவர்களையும் பிணம் தூக்கியவர்களையும் தீட்டு என்று ஒதுக்கித் தனிக் குடியிருப்பில் வைத்திருந்த நாடுதான் ஜப்பானும். 1871-இல் மெய்ஜி அரசு ஆணை போட்டு அந்தப் பிரிவுகளை ஒழித்தது. பெயர் போயிற்று, முகவரி போகவில்லை. எந்தெந்த ஊர் 'அவர்கள்' ஊர் என்று தொகுத்த பட்டியல்களை ரகசியமாக அச்சடித்துக் கம்பெனிகளுக்கு விற்றது 1975-இல் வெளிச்சத்துக்கு வந்தது. வேலைக்கு விண்ணப்பித்தவரின் பூர்வீக ஊரைப் பட்டியலோடு ஒத்துப்பார்த்துத் தள்ளிவிடுவதற்காக வாங்கினார்கள். இந்தப் பாகுபாட்டை ஒழிப்பதற்கென்றே 2016-இல் ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது என்றால், நோய் இன்னும் போகவில்லை என்றுதானே பொருள். ஷின்கான்சென் ஏற ஷினகாவா நிலையத்துக்குப் போயிருப்பீர்கள். அதற்குப் பக்கத்திலேயே டோக்கியோவின் பெரிய இறைச்சிச் சந்தை இருக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்களை இழிவாகத் திட்டி வந்த கடிதங்களைக் கிழித்துப் போடாமல், ஒரு காட்சியறையில் பொதுமக்கள் பார்க்க வைத்திருக்கிறார்கள். சுற்றுலா நிறுவனத்தின் பயணத் திட்டத்தில் அது இருக்காது. அடுத்த முறை போனால் பாருங்கள்.

தெரு சுத்தமாக இருப்பதாலேயே மனிதரைத் தீட்டாகப் பார்க்கும் புத்தி போய்விடாது. இது ஜப்பானைவிட நமக்குத்தான் நன்றாகப் பொருந்தும். விடியலில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறோம், செருப்பை வெளியே விடுகிறோம், குளிக்காமல் அடுப்படிக்குள் நுழையமாட்டோம். நம் வீட்டுக்குள் இருக்கிற சுத்தத்துக்கு எந்த நாட்டுக்காரனும் குறை சொல்ல முடியாது. கூட்டிய குப்பையைக் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப்பக்கம் எறிகிற கையும் அதே கைதான். அள்ளுவதற்கு என்று ஆட்களைப் பிறப்பிலேயே ஒதுக்கிவைத்தவனுக்கு எறிவதில் கூச்சம் எங்கிருந்து வரும்? எவன் அள்ளுவான் என்ற கவலை இல்லாதவன்தான் எறிவான்.

வெளிநாடு போய் வந்த இரண்டு பேரை நினைவூட்டுகிறேன். இருவரையும் உங்களுக்குத் தெரியும், படம் வீட்டில் மாட்டியிருப்பீர்கள், அல்லது அலுவலகத்தில் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது காந்தி தன் வீட்டில் தங்கியவர்களின் சிறுநீர்க் கலயங்களைத் தானும் கஸ்தூரிபாவும் எடுத்து ஊற்றுவதென்று வைத்திருந்தார். தங்கியவர்களில் ஒருவர் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்த கிறிஸ்தவ எழுத்தர். அவருடைய கலயத்தை எடுக்கும்போது கஸ்தூரிபா அழுதார். அழாமல் சந்தோஷமாக எடுக்க வேண்டும் என்று காந்தி கத்தி, கையைப் பிடித்து வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். இந்த வெட்கக்கேட்டை அவரே தன் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஜப்பான் பார்த்துவிட்டு வந்த கணவன்மார்கள் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும். வந்த வாரமே வீட்டில் ஒரு பெரிய சுத்தப் புரட்சி அறிவிப்பார்கள். ஆறு நிற டப்பா வாங்குவார்கள். துடைப்பது மட்டும் மனைவி, கழிவறை கழுவுவது வேலைக்கு வரும் அக்கா. உங்கள் கழிவறையை நீங்கள் கழுவுங்கள். மனைவிக்குப் பாடம் எடுக்காதீர்கள். பிறகு 1901-இல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்த காந்தி, அங்கே நாறிக் கிடந்த கக்கூஸைத் தொண்டர்களிடம் காட்டினார். அது எங்கள் வேலை இல்லை, தோட்டி வேலை என்றார்கள். ஒரு விளக்குமாறு கேட்டு வாங்கி அவரே கழுவினார். அந்த முறை யார் கையையும் பிடித்து இழுக்கவில்லை.

இன்னொருவர் அம்பேத்கர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் படித்துவிட்டு, படிப்புக்குப் பணம் கொடுத்த பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்க்க 1917-இல் வந்து சேர்ந்தார். வெளிநாட்டில் இருந்த ஆண்டுகளில், தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பே மனத்தைவிட்டு அழிந்துபோயிருந்ததாகப் பிற்பாடு எழுதினார். பரோடா ரயில் நிலையத்தில் இறங்கியதும் அந்த நினைப்பு திரும்ப வந்தது: எங்கே தங்குவது? ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயர் வைத்துக்கொண்டு ஒளிந்து தங்கினார். சில நாட்களில் தடியோடு ஒரு கூட்டம் மாடியேறி வந்தது. சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொன்னது. ஊரில் ஒருவரும் இடம் கொடுக்கவில்லை. பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார்.

கொலம்பியா பல்கலைக்கழகம் ஒரு மனிதருக்கு என்ன கற்றுக்கொடுத்தாலும், திரும்பி வரும் ஊர் கற்றுக்கொள்ளாவிட்டால் அவருக்கு ராத்தங்க இடமில்லை. நீங்கள் இன்று திரும்பி வரும் ஊரில் வீட்டு உரிமையாளர் நீங்கள்தான். வாடகைக்கு ஆள் வரும்போது "நீங்க என்ன ஆளுங்க?" என்று சுற்றி வளைத்துக் கேட்பது நீங்களாக இருக்கக் கூடாது.

இனிச் செய்ய வேண்டியவை. சொல்ல எளிது, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். குப்பையைப் பிரித்துக் கொடுங்கள். மட்குவது, மட்காதது, ஆபத்தானது என்று மூன்றாகப் பிரிக்க 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளே சொல்லின. ஷிகோகு தீவில் காமிகாட்சு என்ற சிற்றூர்க்காரர்கள் நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள். உங்களிடம் சில வகைகள்தான் கேட்கிறார்கள். உடைந்த கண்ணாடி, ஊசி, பிளேடு, நாப்கின் இவற்றைத் தனியாகச் சுற்றி மேலே எழுதிக் கொடுங்கள். நீங்கள் பிரிக்காததை ஒருவர் வெறுங்கையால் பிரிக்கிறார். தினமும் வாசலுக்கு வருகிறவருக்கு நீங்கள் குடிக்கிற டம்ளரிலேயே தண்ணீர் கொடுங்கள். பெயரைக் கேளுங்கள், வயதில் மூத்தவரை 'வா, போ' என்று கூப்பிடுவதை நிறுத்துங்கள். டோக்கியோவில் ஏழு நிமிடக்காரர்களுக்குத் திரும்பத் தலைவணங்கிய உங்களுக்கு இது வராதா என்ன?

விழா நடத்தினால் இடத்தைத் துடைத்துவிட்டுப் போங்கள். 2022 கத்தார் உலகக் கோப்பையின் முதல் ஆட்டம் கத்தாருக்கும் ஈக்வடாருக்கும் நடந்தது. ஜப்பானுக்கு அதில் ஆட்டமே இல்லை. பார்க்க வந்த ஜப்பானியர்கள் பையை விரித்து, மற்றவர்கள் போட்ட குப்பையை அள்ளினார்கள். 2018-இல் ரஷ்யாவில் பெல்ஜியத்திடம் 2-3 என்று கடைசி நொடியில் தோற்று வெளியேறிய ஜப்பான் அணி, உடை மாற்றும் அறையைப் பளிச்சென்று துடைத்து ரஷ்ய மொழியில் நன்றி எழுதி வைத்துவிட்டுப் போனது. அழுதுகொண்டே துடைத்திருப்பார்கள். நாம் மகளின் கல்யாணத்தைச் சிரித்துக்கொண்டே முடிக்கிறோம். மண்டபத்துப் பின்வாசலில் இலைக் குவியலையும் தண்ணீர் பாட்டில்களையும் போய்ப் பாருங்கள். கோயில் அன்னதானம் முடிந்த தெருவையும் பாருங்கள். புண்ணியம் நமக்கு, தொன்னை அள்ளுவது யாருக்கோ.

"நாமே செய்தால் அவர்கள் பிழைப்பு போய்விடுமே" என்று இரக்கத்தோடு கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த இரக்கம் 2025 ஆகஸ்டில் எங்கே போயிருந்தது? சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலையைத் தனியாரிடம் ஒப்படைக்காதே என்று இரவு பகலாக உட்கார்ந்திருந்தார்கள். அதிலே பெரும்பாலோர் பெண்கள். பதிமூன்றாம் நாள் நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. அந்த நாட்களில் நம் வாட்ஸ்அப் குழுக்களில் வந்த கேள்வி, ஏன் இன்னும் குப்பை எடுக்கவில்லை என்பதுதான். உங்கள் குப்பையை நீங்கள் பிரித்தாலும் நகரத்துக்குப் பணியாளர் வேண்டும். அவருக்கு நிலையான வேலையும், ஒழுங்கான கூலியும், கையுறையும் காலணியும் வேண்டும். பிழைப்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அதைக் கேட்கட்டும்.

எல்லாவற்றையும்விட அவசரமான ஒன்றைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். இதில் தாமதித்தால் ஆள் செத்துப்போவார்.

உங்கள் வீட்டில், சொந்த ஊரில் அப்பா அம்மா இருக்கும் வீட்டில், நீங்கள் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டில், உங்கள் கடையில், செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது எடுத்தார்கள், யார் எடுத்தார்கள் என்று இன்று மாலைக்குள் போன் போட்டுக் கேளுங்கள். "லாரி வந்துச்சு, அடியில கட்டியா நின்னதுக்கு ஒரு ஆள இறக்கினோம்" என்று அப்பா சாதாரணமாகச் சொல்வார். அவருக்கு அது பெரிய விஷயமாகத் தெரியாது. அந்தத் தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு வாயு தேங்கியிருக்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அதிகமானால் முகரும் புலனையே மழுங்கடித்துவிடும், நாற்றமே தெரியாது. இறங்கியவர் இரண்டு மூச்சில் விழுவார். காப்பாற்ற இறங்கிய தம்பியும் விழுவார். செய்தித்தாளில் எப்போதும் இரண்டு பேர், மூன்று பேர் என்று வருவதன் காரணம் இதுதான். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது, வாளியில் தண்ணீர் ஊற்றுவது, சாராயம் வாங்கிக் கொடுத்து இறக்குவது, இவை ஒன்றும் உயிரைக் காப்பாற்றாது. மீத்தேன் இருந்தால் தீக்குச்சியே கொல்லும்.

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவதைக் குற்றம் என்கிறது. முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். காண்ட்ராக்டர் கூட்டிவந்த ஆள், எனக்குத் தெரியாது என்று வீட்டுக்காரர் கையை விரிக்க முடியாது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடாக 30 லட்சம் கொடுக்கச் சொல்லி 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பணத்தை வாங்க ஒரு விதவை எத்தனை அலுவலகப் படி ஏறியிறங்க வேண்டும் என்பது தீர்ப்பில் இல்லை.

ஆகவே அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். உரிமம் உள்ள லாரியைத்தான் கூப்பிட வேண்டும். அடியில் கட்டி நின்றால் தண்ணீரைப் பீய்ச்சிக் கலக்கி மறுபடி உறிஞ்சட்டும், இரண்டாவது நடைக்கும் காசு கொடுங்கள். குழாய் எட்டாத இடத்தில் தொட்டி இருந்தால் கொத்தனாரை வைத்து மேலிருந்தே மூடியை இடித்து அகலமாக்குங்கள். ஆள் புகுகிற மாதிரி திறந்து கிடக்கும் மூடிக்குக் குறுக்கே கம்பி போடுங்கள். லாரிக்காரரோடு வந்த பையன், "அண்ணே, ரெண்டு நிமிஷம்தான், எறங்கி வழிச்சு விட்டுடறேன்" என்று சட்டையைக் கழற்றுவான். கூட நூறு ரூபாய் கிடைக்கும் என்று கழற்றுவான். அவன் தோளைப் பிடித்து வெளியே இழுங்கள், அந்த நூறு ரூபாயை இறங்காமல் இருப்பதற்குக் கொடுங்கள். அப்பா போனில் முணுமுணுப்பார், அவ்வளவு செலவா என்பார். ஜப்பான் டிக்கெட் என்ன விலை ஆயிற்று என்று அவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.